விடுமுறைக் கணக்கில் நாய்க்கு முதல் வரி



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஆசிரியர் அறையிலும் பள்ளி வாசலிலும் ஒரே பேச்சுதான். எங்கே போவது, எத்தனை நாள், எவ்வளவு ஆகும்? இடம் முடிவாகி, தங்கும் விடுதிக்கு முன்பணமும் கட்டி, துணிமணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "நாயை என்ன செய்வது?" இந்தக் கேள்வி கடைசியில் வருவதே சிக்கலுக்கெல்லாம் மூலம் என்பது என் கருத்து. அது முதலில் வரவேண்டும். முதலில் வந்தால் நாய்க்கு மட்டுமன்று, குடும்பத்தின் பணப்பைக்கும் நல்லது. நாயை உடன் அழைத்துச் செல்வது கூடுதல் செலவு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், நாயை மறந்து போடும் திட்டம்தான் கூடுதல் செலவு வைக்கிறது.

நான் இங்கே பேசுவது வசதி படைத்தவர்களைப் பற்றி அன்று. தாமான்களில் வரிசை வீட்டில் வாழும், ஒரு சம்பளத்தையோ ஒன்றரைச் சம்பளத்தையோ நம்பியிருக்கும், இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களைப் பற்றித்தான். நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரில் பெரும்பாலோர் அவர்களே. அவர்கள் வீட்டு நாயும் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கிய சாதி நாய் அன்று. சாலையோரத்தில் கிடந்த குட்டியைப் பிள்ளை தூக்கி வந்திருப்பான். அம்மா இரண்டு நாள் திட்டியிருப்பார். மூன்றாம் நாள் அவரே பால் ஊற்றியிருப்பார்.

ஒருமுறை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் விடுமுறை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்பு. ஆண்டுதோறும் அதே கடலும் அதே பனிக்கூழும்தான் வரும். அந்த முறை ஒரு மாணவன் தன் லங்காவிப் பயணத்தை ஒரே பத்தியில் முடித்துவிட்டிருந்தான். மீதி ஒன்றரைப் பக்கமும் அவன் வீட்டு நாயைப் பற்றியது. நான்கு நாளைக்கென்று ஒரு வாளிச் சோறும் ஒரு பேசின் தண்ணீரும் வைத்து, வீட்டின் பின்புறத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது சோறு கெட்டு எறும்பு மொய்த்துக் கிடந்தது. பேசின் கவிழ்ந்திருந்தது. சங்கிலி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு முழ நீளத்துக்குக் குறுகிவிட்டிருந்தது. நாய் உயிரோடு இருந்தது. 'அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது' என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் இரண்டு இருந்தன. சிவப்பு மையை எடுக்க மனம் வரவில்லை.

பின்னர் அவன் தந்தையைப் பள்ளியில் சந்தித்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "நாய்தானே சார், நாலு நாள்ல என்ன ஆயிடப் போவுது" என்றார். அவர் கொடியவர் அல்லர். நாள்தோறும் வேலைக்குப் போகுமுன் அந்த நாய்க்குத் தம் கையால் உணவு வைப்பவர். திட்டம் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நினைவுக்கு வந்தபோது பணம் முழுவதும் வேறு இடத்தில் கட்டப்பட்டுவிட்டது. நாலடியாரில் நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்னும் பொருளில் ஒரு பாடல் உண்டு. வகுப்பில் நாம் அதை விளக்குகிறோம், பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். விடுமுறையில் வீட்டில் காண்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி, கணக்குக்கு வருவோம்.

நாயோடு பயணம் என்றவுடன் நம் நாட்டில் பல கதவுகள் அடைபட்டுவிடும் என்பது உண்மையே. தொடர்வண்டியில் நாயை ஏற்றமாட்டார்கள். விரைவுப் பேருந்திலும் அப்படியே. வானூர்தியில் கொண்டு செல்வது நம் வரவுசெலவுக்கு எட்டாதது. பெரும்பாலான தங்கும் விடுதிகள் நாயை ஏற்பதில்லை. நீர்க்கேளிக்கைப் பூங்காக்கள், பேரங்காடிகள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றில் எங்கும் இடமில்லை. கடல் கடந்து சபாவுக்கோ சரவாக்கிற்கோ கொண்டுபோவதென்றால் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதிலிருந்து அது எளிதில் எண்ணிப்பார்க்கக் கூடியதாகவும் இல்லை.

இந்தப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். இவற்றுள் தேசியப் பூங்காவையும் தொடர்வண்டியையும் விட்டுவிட்டால், மற்றவை யாவும் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சேமிப்பை இரண்டு நாளில் கரைக்கக்கூடியவை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு நீர்க்கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைவதற்கு ஆகும் செலவைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாய் அந்தக் கதவுகளை நமக்காகவே அடைத்துவிடுகிறது. திறந்திருப்பவை எவை? நம் சொந்த மகிழுந்து, பழைய சாலை, கடற்கரை, கட்டுச்சோறு, உறவினர் வீடு. செலவு குறைந்தவை இவையே.

கிள்ளான் வட்டாரத்தில் இருப்பவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். போர்ட் டிக்சனுக்குப் போக எல்லாரும் நெடுஞ்சாலையில் ஏறுகிறோம். ஏறாமலும் போகலாம். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங், பந்திங், மோரிப், தஞ்சோங் செப்பாட், சுங்கை பீலேக், லுக்குட் வழியாகப் பழைய கடலோரச் சாலை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை விட நேரம் கூடுதலாகும்தான். ஆனால், நாயோடு போகிறவர்களுக்கு நெடுஞ்சாலையின் வேகம் எதற்கு? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி அதை நடக்கவிட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். இந்தச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த மர நிழல் இருக்கிறது.

போக வர 220 கிலோமீட்டர். சிறிய மகிழுந்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 15 லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது வைத்த 1.99 வெள்ளி விலையில் கணக்கிட்டால், முப்பது வெள்ளிக்குள் பயணம் முடிந்துவிடும். நாய்க்கு இருக்கைக் கட்டணம் இல்லை. இந்தக் கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவனே போட்டுவிடுவான். அவனிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள் என்பது என் விண்ணப்பம்.

மோரிப் கடற்கரைக்கு விடியற்காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அலை ஒதுங்கிச் சேறு தெரியும் நேரமாக இருந்தாலும், கரையோர மரங்களுக்கடியில் நடக்க நல்ல இடம். ஞாயிறு மாலையில் போனால் கூட்டம், பட்டம் விடுவோர், சிறு பிள்ளைகள். நாயைக் கொண்டுபோகக் கூடாத நேரம் அது. தஞ்சோங் செப்பாட்டில் மீனவர் ஊரின் காற்றும், பாவ் கடைகளும், டிராகன் பழத் தோட்டங்களும் உண்டு. போர்ட் டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவான் முனையில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. வலசை போகும் கழுகுகளையும் பருந்துகளையும் மார்ச்சு மாத வாக்கில் அங்கே காணலாம். அது காட்டு விலங்குகளுக்கான பாதுகாப்பு இடம். நாயை உள்ளே கொண்டு செல்லாதீர்கள். அம்மாவும் பிள்ளைகளும் ஏறிப் பார்த்து வரட்டும். அப்பா நாயோடு கீழே நிழலில் இருக்கட்டும். அடுத்த முறை மாறிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரம் அப்பாக்களுக்குக் கிடைக்கும் உண்மையான விடுமுறை.

நிழல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஐந்தே நிமிடம்" என்று சொல்லி நாயை மகிழுந்துக்குள் பூட்டிவிட்டு உணவகத்துக்குள் நுழையும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெளியே 32 பாகை வெப்பம் இருக்கும்போது, பூட்டிய மகிழுந்துக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 43 பாகைக்கு ஏறிவிடும். அரை மணி நேரத்தில் 50ஐத் தொடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வேறுபாடு இல்லை. நாய் நம்மைப் போல் உடல் முழுதும் வியர்த்துத் தணிவதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சூடான காற்றையே உள்ளிழுக்கும்போது அதுவும் பயன்படாது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38க்கும் 39க்கும் சற்று மேலே. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே நாயோடு போகும் குடும்பம் உணவகத்தில் ஒன்றாக அமர்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். புளிச்சோறும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் ஐவருக்கு என்ன ஆகும், உணவகத்தில் ஐவர் அமர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நாய் இங்கேயும் நமக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

தங்குமிடம்தான் கடினமான பகுதி. இதில் நம்மவர்களிடம் நான் காணும் ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. வாடகை வீட்டைப் பதிவு செய்யும்போது நாயைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரவில் போர்வைக்குள் சுற்றி உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். இது ஏமாற்று. அத்தோடு, பிறர் சமய உணர்வை மிதிப்பதும் ஆகும். நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறியில், நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும்; அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் நாயை உள்ளே விடுவது, அவர் அறியாமலேயே அவருடைய தொழுகை விரிப்பையும் சமையல் பாத்திரத்தையும் தீண்டச் செய்வதாகும். மலாய்க்காரக் குடும்பம் வாடகைக்கு விடும் வீட்டில் நாய்க்கு இடம் கேட்பதையே தவிர்த்துவிடுங்கள். நாயை ஏற்கும் வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் இந்தியர்களும் சீனர்களும் விடும் தனி வீடுகள். தொலைபேசியில் அழைத்து வெளிப்படையாகக் கேட்க வேண்டும்: எங்களிடம் இந்த அளவுள்ள நாய் ஒன்று உண்டு, தடுப்பூசி போட்டிருக்கிறோம், கட்டிலில் ஏறாது, சொந்தப் பாய் கொண்டுவருகிறோம், கூடுதல் முன்பணம் வேண்டுமானால் தருகிறோம். இப்படிக் கேட்டால் பத்தில் சிலர் ஒப்புக்கொள்வார்கள். வார நாளாக இருந்தால் வாடகையும் குறையும், ஒப்புக்கொள்ளும் மனமும் கூடும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வீட்டை எடுத்தால் வாடகை பாதியாகிவிடும்.

ஓய்வுத்தலங்களிலும் இதே கவனம் வேண்டும். சூராவுக்கு அருகிலும் உணவுக்கூடத்துக்கு அருகிலும் நாயை நடத்திச் செல்லாமல் கடைக்கோடியில் வண்டியை நிறுத்தலாம். கழிவை அள்ள நெகிழிப்பை எப்போதும் கையில் இருக்கட்டும். நாய் வளர்ப்பவர்கள் மேல் அக்கம்பக்கத்தாருக்கு இருக்கும் எரிச்சலில் பாதி, அள்ளாமல் விட்டதால் வந்தது.

உறவினர் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தலைமுறையினர் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் இளமையில் விடுமுறை என்றாலே தாத்தா பாட்டி இருக்கும் தோட்டம்தான். தங்கும் விடுதி என்னும் சொல்லே எங்கள் காதில் விழுந்ததில்லை. லயத்து வீட்டு வாசலில் ஏற்கெனவே நான்கு நாய்கள் இருக்கும். ஐந்தாவது வந்து சேர்ந்தால் யாரும் கேட்பதில்லை. இன்று அந்தத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தாத்தாக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் நாய்க்கு அனுமதியில்லை. என்றாலும் சித்தப்பாவோ பெரியம்மாவோ இன்னும் ஏதாவது சிற்றூரில் தரை வீட்டில் இருந்தால், அங்கே போய் மூன்று நாள் இருப்பதைக் குறைவாக எண்ணவேண்டாம். பிள்ளைகள் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகளோடு பேசும் மூன்று நாள் தமிழ், நான் வகுப்பில் மூன்று மாதம் பேசவைக்க முயலும் தமிழுக்கு ஈடு.

கேமரன் மலைக்குப் போக விரும்புவோர் இருக்கிறார்கள். குளிர்ச்சி நாய்க்கும் பிடிக்கும்தான். தாப்பா வழிச் சாலையின் வளைவுகளில் பிள்ளைகளே வாந்தி எடுக்கிறார்கள், நாய் எடுக்காதா? சிம்பாங் பூலாய் வழி சுற்று என்றாலும் அகலமானது, வளைவு குறைந்தது. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே நாயின் உணவை முடித்துவிடுங்கள். நீர்வீழ்ச்சிகளைப் பொறுத்தவரை நான் எச்சரிக்கை உள்ளவன். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நாயிடமிருந்து நமக்கும் தொற்றக்கூடும். 2010இல் பகாங்கின் லுபுக் யூவில் மூழ்கியவரைத் தேடச் சென்ற மீட்புப் பணியாளர்கள் சிலர் இத்தகைய தொற்றால் இறந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. மழை பெய்து நீர் கலங்கியிருந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். இந்நோய்க்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு; பயணத்துக்குச் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

நாயை அழைத்துச் செல்லவே முடியாத பயணங்களும் இருக்கின்றன. தமிழகத்துக்குக் கோயில் வழிபாடு, வெளியூர்த் திருமணம், துக்கம். அப்போது என்ன செய்வது? கிள்ளான் வட்டாரத்தில் நான் விசாரித்த நாய்க் காப்பகங்களில் ஓர் இரவுக்கு 35 முதல் 60 வெள்ளி வரை கேட்டார்கள். பெருநாள் காலத்தில் இடமே கிடைப்பதில்லை. நான்கு இரவுக்கு 45 வெள்ளி வீதம் 180 வெள்ளி. சிறு தொகை அன்றுதான். ஆனால் இதையும் எதிரே வைத்துப் பாருங்கள்: 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்குக் குறைந்த அளவு அபராதமே 20,000 வெள்ளி, அதிக அளவு 100,000 வெள்ளி, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வளர்ப்பவர் தம் விலங்கின் தேவைகளை நிறைவு செய்யக் கடமைப்பட்டவர் என்பதையும் அச்சட்டம் சொல்கிறது. வாளிச் சோறும் சங்கிலியும் அந்தக் கடமையை நிறைவு செய்யா.

காசில்லாமல் செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே தாமானில் நாய் வளர்க்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் முறை வைத்துக்கொள்வது. நீங்கள் போகும்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் போகும்போது நீங்கள். நாய் தன் வீட்டிலேயே இருக்கும். அவர்கள் காலை மாலை இருவேளையும் வந்து உணவு வைத்து, தண்ணீர் மாற்றி, அரை மணி நேரம் வெளியே நடத்திச் செல்ல வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர்கள் கையால் நாய்க்கு உணவு கொடுக்கப் பழக்குங்கள். அன்னியர் என்று குரைத்து உள்ளே விடாமல் போனால் எல்லாம் வீண். தீபாவளி, சீனப் பெருநாள் விடுமுறையாக இருந்தால் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு வேலி தாண்டி ஓடும் நாய்கள் ஏராளம். அந்த இரவுகளில் அதை வீட்டுக்குள் விட்டு, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணோடு பெயர்த்தகடும் நகராண்மைக் கழக உரிம வில்லையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் உணவகம், பள்ளிப் பேருந்து, கூடுதல் வகுப்பு என்று எதையெதையோ ஏற்பாடு செய்கிறோம். யார் யார் வீட்டில் நாய் இருக்கிறது, யார் யார் அருகருகே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

அந்தத் தாளையும் வரவுசெலவுக் கணக்கையும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். கணிதப் பாடத்தில் பணம் பற்றிப் பயிற்சிகள் வருகின்றன. அவற்றில் வரும் கற்பனைக் கடைகளை விட வீட்டுப் பயணம் நல்ல கணக்கு. கையில் இருப்பது 400 வெள்ளி என்று சொல்லிவிட்டு, முதல் வரியில் நாயின் பெயரை எழுதச் சொல்லுங்கள். உடன் வருகிறதா, வீட்டில் இருக்கிறதா, எவ்வளவு ஆகும்? அதை எழுதி முடித்த பிறகே இரண்டாம் வரியில் இடத்தின் பெயரை எழுதட்டும். நாய்க்கு எந்த வேளையில் எவ்வளவு உணவு, எதற்கு அஞ்சும், எந்த மருந்து என்று அண்டை வீட்டாருக்கான குறிப்பையும் அவர்களே எழுதட்டும். அதைவிடப் பயனுள்ள கட்டுரைப் பயிற்சியை என்னால் கொடுக்க முடியாது. எழுதி முடித்ததும் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் கீழே சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். சாவி வைத்திருப்பவர் அவசரத்தில் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.